ஏழுவண்ணம் கறுப்பு உடுத்திய கதை

அந்தக் காலத்தில் மனிதர்களும் மிருகங்களும் பறவைகளும் ஒரே பாஷை பேசினார்கள். ஒரே சந்தையில் கூடி, ஒரே தராசில் நிறுத்து வாங்கினார்கள். ஆடு தன் குட்டிகளுக்கு அகத்திக்கீரை பேரம் பேசும். எருமை புண்ணாக்குக் கடையில் நின்றுகொண்டு, "எடை குறையுது, மறுபடி நிறு" என்று சண்டை போடும். ஆற்றங்கரை மருத மரங்களுக்கு நடுவே செவ்வாய்க்கிழமைதோறும் அந்தச் சந்தை கூடியது.

அப்போது காகம் இன்றைக்கு இருக்கிறமாதிரி இல்லை. தலை மஞ்சள், கழுத்து பச்சை, நெஞ்சு செம்பருத்திச் சிவப்பு, இறக்கை நீலம், வால் கத்தரிப்பூ நிறம். முதுகில் ஒரு காவிக் கோடு, வயிற்றில் பஞ்சு மாதிரி வெள்ளை. மயிலே காகத்தை எதிரில் கண்டால் வேறு கடைவரிசை வழியாகப் போய்விடும்.

அந்தச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த காகத்தின் பெயர் ஏழுவண்ணம். செய்தி சொல்வதுதான் அவன் வேலை. யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், எந்த ஊரில் கல்யாணம், எந்தப் பசு கன்று போட்டது, எல்லாம் அவன் வாயால்தான் ஊருக்குத் தெரியும். வேலிமேல் உட்கார்ந்து அவன் தொண்டையைச் செருமினால், பேரம் பேசுகிறவர்கள்கூடப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். நடந்ததைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். அவன் பொண்டாட்டி சிலம்பாயி அருகிலிருந்து குறைப்பாள்.

"நேத்து அடிச்ச காத்துல நூறு தென்னை சாஞ்சு போச்சு!" என்பான் அவன்.

"ரெண்டு தென்னை" என்பாள் அவள்.

"சரி, ரெண்டு. ஆனா ரெண்டும் பெரிய தென்னை."

சந்தையே சிரிக்கும். செய்தி முடிந்ததும் இருவரும் பழக்காரி ஒச்சம்மா கடைக்குப் போவார்கள். ஒச்சம்மா வாய் ஓயாத பெண். அவள் கை அதைவிட ஓயாது. விளாம்பழம் என்றால் சிலம்பாயிக்கு உயிர் என்று தெரிந்து, ஒவ்வொரு செவ்வாயும் நல்லதாக ஒரு பழத்தை எடுத்து உடைத்து, கருப்பட்டியைப் பொடித்துப் போட்டுப் பிசைந்து வைத்திருப்பாள். புருஷனும் பொண்டாட்டியும் ஓட்டின் ஆளுக்கொரு பக்கம் நின்று கொத்தித் தின்பார்கள்.

ஐப்பசி மழையில் சிலம்பாயிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழுவண்ணம் துளசியும் தூதுவளையும் கொண்டுவந்து ஊட்டினான். காய்ச்சல் இறங்குவதுபோல இறங்கி, திரும்ப ஏறியது. செவ்வாய்க்கிழமை காலை அவள் கண்ணைத் திறந்து, "ஏங்க, இன்னைக்குச் சந்தையாச்சே. நேரமாகுது, கிளம்புங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

ஆற்றங்கரையில் அவளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஏழுவண்ணம் கூட்டுக்குத் திரும்பினான். வேறு எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்ல அவன் இருந்தான். அவன் வீட்டுச் சாவை ஊருக்குச் சொல்ல யாருமில்லை.

அடுத்த செவ்வாய் அவன் சந்தைக்குப் போனபோது நுழைவிலேயே ஆடு பிடித்துக்கொண்டது. "என்னப்பா, போன வாரம் ஆளையே காணோம்? சிலம்பாயி எங்கே?"

ஏழுவண்ணம் சொன்னான். ஆடு 'ஐயோ' என்று கத்தியது. எப்போது, எப்படி, எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நாலடி நகர்ந்தான். கிளி வந்தது. "சிலம்பாயி எங்கே?" திரும்பவும் முதலிலிருந்து சொன்னான். கிளி, "நிலவேம்பு குடுத்தீங்களா?" என்று கேட்டது. குடுக்கவில்லை என்றான். "குடுத்திருக்கலாமே" என்றது கிளி. அடுத்து எருமை. எருமைக்கு ஒரு தடவை சொன்னால் புரியாது. மூன்று தடவை சொன்னான். ஒரு கிழட்டு நாரை தன் சித்தப்பாவுக்கும் இதே மாதிரிக் காய்ச்சல் வந்ததென்றும், அவர் பிழைத்துக்கொண்டாரென்றும் விலாவாரியாகச் சொன்னது.

யாரும் கெட்ட மனதோடு கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லும்போதும் அவனுக்குச் சிலம்பாயி அப்போதுதான் செத்துப்போனமாதிரி இருந்தது. ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன தொண்டை அன்றைக்கு மத்தியானத்துக்குள் கட்டிப்போய்விட்டது.

கடைசியில் ஒச்சம்மா கடைக்கு வந்து சேர்ந்தான். அவள் பழங்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "ஏழுவண்ணம் தம்பி! எங்கே என் தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவனால் முடியவில்லை. "ஊருக்குப் போயிருக்கா அக்கா" என்றான். "அவ அம்மா வீட்டுக்கு."

"அப்படியா! எப்ப வருவா?"

"அடுத்த செவ்வாய்."

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான். அந்த ஒரு பொய் சொன்னபிறகு அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அம்மா வீட்டில் சிலம்பாயி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பதாகக் கூட்டுக்குப் போகும்வரைக்கும் நினைத்துக்கொண்டே போனான்.

ஆனால் செவ்வாய் வராமல் இருக்குமா? வந்தது. ஏழுவண்ணம் மருத மரத்து உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்தான். ஒச்சம்மா ஒரு கையில் உடைத்த விளாம்பழமும் இன்னொரு கையில் கருப்பட்டியுமாகக் கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "சிலம்பாயியைப் பாத்தீங்களா? இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட ஆடு திருதிருவென்று விழித்தது. கிளி எதையோ சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் ஒச்சம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டாள். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையை இலைக்குள் எவ்வளவு நேரம் மறைத்துவைக்க முடியும்?

"அதோ தம்பி! டேய், இங்க வா! அவ எங்கேடா?"

சந்தை முழுக்க மேலே பார்த்தது.

ஏழுவண்ணம் விழுந்தடித்துப் பறந்தான். எங்கே போனாலும் இந்த நிறங்கள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நிறங்கள் இல்லாவிட்டால் தன்னை யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. சந்தையின் கடைசியில் நல்லக்காளின் சாயக்கொட்டில் இருந்தது. மஞ்சள் பானை, சிவப்புப் பானை, நீலப் பானை என்று வரிசையாக வெயிலில் நின்றன. ஒதுக்குப்புறமாகக் கறுப்புப் பானை. கடுக்காயும் இரும்புத் துருவும் கருப்பட்டியும் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த சாயம் அது. அந்தச் சந்தையில் கறுப்பை யாரும் விரும்பி வாங்குவதில்லை. மழைக்கம்பளிக்குக் கரை போட மட்டும் எப்போதாவது கேட்பார்கள்.

ஏழுவண்ணம் மூடியைத் தள்ளினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு தலைகீழாக உள்ளே குதித்துவிட்டான்.

பானை தளும்பிய சத்தம் கேட்டு நல்லக்காள் ஓடிவந்தாள். உள்ளே கையைவிட்டு, கிடைத்ததைப் பிடித்து இழுத்தாள். அகப்பட்டது கழுத்து. அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் மட்டும் சாயம் சரியாக ஏறவில்லை. சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டது.

"பாவி! எட்டு நாள் ஊறின சாயம்! குளிக்கணும்னா ஆத்துக்குப் போறது. யாரு நீ?"

"நான்தான் நல்லக்கா. ஏழுவண்ணம்."

நல்லக்காள் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஐயய்யோ, என்ன காரியம் பண்ணினே! இந்தச் சாயம் போகாதுடா! தோலு உரிஞ்சாலும் போகாது!"

"போக வேண்டாம். சந்தையில நான் யாருன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா கேப்பாங்க." அவன் இறக்கையை உதறினான். கறுப்புத் துளிகள் தெறித்தன. "ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி... என்னால இனிமே சொல்ல முடியலை நல்லக்கா."

நல்லக்காளுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, தன் முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள். மூக்கும் கறுத்துத்தான் இருந்தது.

ஈரம் காய்ந்ததும் ஏழுவண்ணம் தைரியமாகச் சந்தைக்குள் இறங்கி நடந்தான். ஒருவருக்கும் தன்னைத் தெரியாது என்று நினைத்தான். பாவம், அவனுடைய நடை ஒன்று இருக்கிறதே, ஒரு காலைச் சாய்த்து வைத்துத் தத்தித் தத்திப் போகும் நடை. அதை மறைக்க எந்தப் பானையிலும் சாயம் கிடையாது. முதல் பார்வையிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆடு, "என்னப்பா..." என்று தொடங்கியது. அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தது. மிச்சத்தை விழுங்கிவிட்டு வழிவிட்டு நின்றது. கிளி தலையைக் குனிந்துகொண்டது. எருமைக்குக்கூட ஒரே தடவையில் புரிந்துவிட்டது. ஏழு நிறத்தையும் ஒருவன் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான் என்றால், அவனிடம் இன்னும் கேட்க என்ன இருக்கிறது?

ஒச்சம்மா கையில் விளாம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் வருவதைப் பார்த்தாள். 'ஊருக்குப் போயிருக்கா' என்று அவன் சொன்னது எந்த ஊர் என்று அவளுக்கு விளங்கியது. வாய் ஓயாத ஒச்சம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பழத்தை அவன் முன்னால் வைத்தாள். கருப்பட்டியைப் பொடித்துப் போட்டாள். உள்ளே போய்த் தனக்கென்று கொண்டுவந்திருந்த சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு அவன் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இல்லாத தூசியைப் பழங்களிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் கொஞ்சம் பொரி, ஒருவர் அவித்த மொச்சை, நாரை பாதி மீன். வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். ஏழுவண்ணம் விளாம்பழத்தைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் நின்று கொத்த ஆளில்லை. தனியாகத் தின்ன அவனுக்கு மனம் வரவில்லை. தலையை உயர்த்தி, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க!" என்று கத்திக் கூப்பிட்டான். சிலம்பாயியின் தம்பிமார், தங்கைமார், அவன் சித்தப்பா பிள்ளைகள் என்று மரத்துக்கு மரம் இருந்த காகங்களெல்லாம் வந்து இறங்கின. கூட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்த சொந்தக்காரர்கள் நேராக நல்லக்காளின் கொட்டிலுக்குப் போனார்கள். "எங்க சிலம்பாயிக்காக நாங்களும் முங்கணும்" என்றார்கள். பாதி உண்மையான துக்கம், பாதி மொச்சை. நல்லக்காள் ஒவ்வொருவராகக் கழுத்தைப் பிடித்து முக்கி எடுத்தாள்.

விஷயம் பரவியது. துக்கம் வந்தவர்கள் கறுப்புக்கு வந்தார்கள். கரிச்சான் குருவி தன் அக்காளுக்காக முங்கியது. எருமை தன் மாமனாருக்காக முங்க வந்தபோது பானை போதாமல் நல்லக்காள் குழி வெட்டித் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. கறுப்பாக யாராவது வந்தால் சந்தையில் கேள்வி கேட்பதில்லை. வழிவிடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், தின்ன ஏதாவது வைப்பார்கள் என்று ஆகிவிட்டது.

இதையெல்லாம் மரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தான் தொங்கான் என்ற மந்தி. அவனுக்கு நீண்ட வாலும் அதைவிட நீண்ட பசியும் உண்டு. கறுத்துப் போனால் வாழைப்பழம். எதற்கு என்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் உண்டா? ஆனால் முழுக்க முங்க அவனுக்குச் சோம்பல். நல்லக்காள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு கையாலும் சாயத்தை அள்ளி முகத்தில் மட்டும் பூசிக்கொண்டான். பிறகு வாலைத் தொங்கப்போட்டு, தலையைத் தொங்கப்போட்டு, முனகிக்கொண்டே ஒச்சம்மா கடை வாசலில் வந்து உட்கார்ந்தான்.

ஒச்சம்மாவுக்கு மனம் இளகியது. ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தாள். தின்று தீர்த்துவிட்டு அவன் மறுபடி முனகினான். இன்னொரு சீப்பு வந்தது. மூன்றாவது சீப்புக்கு அவன் முனகல் ஒப்பாரியாகவே ஆகிவிட்டது. ஏழுவண்ணத்துக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவனும் சேர்ந்து அழுதான். அழுகைக்கு நடுவில், "எனக்காவது சொல்லேன் தம்பி, உனக்கு யாரு?" என்றான்.

தொங்கான் இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் பழம் இருந்தது. வந்ததைச் சொன்னான். "எங்... எங்கம்மா."

சொல்லி வாய் மூடவில்லை, புளியமரத்திலிருந்து ஒரு கிழட்டு மந்தி பொத்தென்று குதித்தாள். தொங்கானின் அம்மாவேதான். மகனைத் தேடி வந்தவள்.

"யாருடா செத்தது? நானா? காலையில மூணு கிழங்கு தின்னுட்டு நான் செத்துட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே காதைப் பிடித்தாள். "முகத்துல என்னடா அசிங்கம்?"

தொங்கான் ஓடினான். அம்மா துரத்தினாள். சட்டிக்கடையில் ஏறி, வெற்றிலைக் கட்டுமேல் இறங்கி, எருமை முதுகில் தாவி, சந்தையையே மூன்று சுற்றுச் சுற்றினார்கள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழுவண்ணம்கூடச் சிரித்தான். சிலம்பாயி போனபிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒச்சம்மா சிரிக்கவில்லை. காலிக் கூடையையும் தோல்குவியலையும் பார்த்தாள். அவள் இளகிய மனதை ஒரு குரங்கு ஏமாற்றிவிட்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு முன்னால் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இனிமே கறுப்பாவது வெள்ளையாவது! எவன் எந்த நிறத்துல வந்தாலும் யாரு செத்தா, எப்ப செத்தா, எப்படிச் செத்தான்னு ஒண்ணுவிடாமக் கேப்பேன். பதில் வந்தாத்தான் பழம்!" என்று அறிவித்தாள். ஆடு, கிளி, எருமை எல்லாம் அதுவும் சரிதான் என்றன.

அடுத்த செவ்வாய் காலை, ஏழுவண்ணம் கிழக்குப் பாதைமேல் பறந்துகொண்டிருந்தான். கீழே உப்பு வண்டி வந்துகொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து மாதம் ஒருமுறை அந்த வண்டி வரும். அண்ணன் சேர்மக்கனி ஓட்டுவார். தம்பி இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவான். அண்ணன் ஒரு அடி பாடினால் தம்பி மாற்றிப் பாடுவான்; இருவரும் அடித்துக்கொள்ளாத குறை. பாட்டு முதலில் வரும், வண்டி பின்னால் வரும் என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்றைக்குப் பாட்டு வரவில்லை. மாட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது. சேர்மக்கனி தனியாக இருந்தார். பக்கத்துப் பலகையில் இசக்கியின் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஏழுவண்ணம் வண்டியின் நுகத்தடியில் இறங்கி உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச தூரம் போனார்கள். சந்தையின் கூச்சல் காதில் விழுந்ததும் சேர்மக்கனி கயிற்றை இழுத்து மாடுகளை நிறுத்திவிட்டார்.

"உள்ள போக முடியல ஏழுவண்ணம்" என்றார். "வீட்டுல அவன் பொண்டாட்டி இருக்கா, பச்சைப்பிள்ளை இருக்கு. உப்பை வித்தாத்தான் ஆகும். ஆனா நுழைஞ்சதும் எல்லாரும் 'தம்பி எங்கே, தம்பி எங்கே'ன்னு ஓடிவருவாங்களே. நல்ல சனம். அவங்ககிட்ட நான் எத்தனை வாட்டி சொல்லுவேன்? கடல்ல... படகு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டுங்க. இதோ வந்துட்டேன்."

அவன் அம்புமாதிரி நல்லக்காளிடம் போனான். "கறுப்பு வேணும்!"

"போதும்டா உங்க கறுப்பு. ஒச்சம்மா போட்ட சத்தம் உன் காதுல விழலையா? அதோட, மனுஷனைப் பானையில முக்க முடியாது. உரிச்சாலும் போகாத சாயம்."

"ஆளை முக்க வேண்டாம். ஒரு துண்டுத் துணி போதும். கையில கட்டிக்கட்டும். என்னைக்கு மனசு ஆறுதோ அன்னைக்கு அவிழ்த்துடட்டும்."

நல்லக்காள் யோசித்தாள். கொடியில் கம்பளிக்கரைக்காக ஒரு கறுப்புத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து, நாலு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்துக் கொடுத்தாள். ஏழுவண்ணம் அதை அலகில் கவ்விக்கொண்டு போனான். சேர்மக்கனி இடது கையில், தோளுக்குக் கீழே சுற்றிக்கொண்டார். ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. ஏழுவண்ணம் அலகால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான்.

வண்டி சந்தைக்குள் நுழைந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சம்மா கடையை விட்டு இறங்கி நேரே வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் கண் பக்கத்துப் பலகையில் போய் நின்றது. பிறகு கறுப்புத் துணியில் நின்றது. அவள் வாய் திறந்தது. ஏழுவண்ணம் பறந்துபோய் அவள் தோளிலேயே உட்கார்ந்தான்.

"அக்கா, கேக்கணும்னா என்னைக் கேளு" என்று மெதுவாகச் சொன்னான். "அந்தக் குரங்கை நம்பினதுல உனக்கு மூணு சீப்புப் பழம் போச்சு. இவரை நம்பாமக் கேட்டா, உனக்குப் பதில் சொல்லணும்னு இவர் இன்னொரு தடவை தம்பியைச் சாகக் குடுக்கணும். எனக்குத் தெரியும் அக்கா. நீ கேட்ட அன்னைக்கு உன்கிட்டப் பொய் சொல்லிட்டு ஓடினவன் நான்."

எருமை அசைபோடுவதைக்கூட நிறுத்தியிருந்தது.

பிறகு ஒச்சம்மா மூக்கை உறிஞ்சினாள். "நான் என்னத்தைக் கேட்டேன்? வெயில்ல வந்திருக்காரே, தண்ணி குடிக்கிறாரான்னு கேக்க வந்தேன்" என்றாள். செம்பை எடுத்துவந்து சேர்மக்கனியிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, செம்பை வாங்கிக்கொண்டு, நன்றாகப் பழுத்த இரண்டு பழத்தை அவர் பக்கத்தில் துண்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆடு வந்து உப்பு வாங்கியது. கிளி வந்து வாங்கியது; கிளிக்கு உப்பு எதற்கு என்று அதற்கே தெரியாது. எருமை இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கறுத்த முகத்தோடு தொங்கான் எங்கிருந்தோ இறங்கிவந்தான். யாரையும் பார்க்காமல், இசக்கி செய்யும் வேலையான மூட்டை இறக்குகிற வேலையைச் செய்தான். சந்தை கலையும்வரை செய்தான். ஒச்சம்மா கூலியாக ஒரு பழம் கொடுத்தபோது, "வேண்டாம் அக்கா, வயிறு சரியில்லை" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

மாதங்கள் போயின. பங்குனியில் ஒருநாள் உப்பு வண்டி வரும் பாதையில் பாட்டுச் சத்தம் கேட்டது. சேர்மக்கனி ஒரு அடி பாடினார். தம்பி மாற்றிப் பாடும் அடியையும் அவரே பாடினார். சந்தைக்கு வந்ததும் கையிலிருந்த துணியை அவிழ்த்து, துவைத்து மடித்து நல்லக்காளிடம் கொடுத்தார். "வேற யாருக்காவது தேவைப்படும், வச்சுக்கோ தாயி" என்றார்.

நல்லக்காள் அதைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு ஏழுவண்ணத்தைப் பார்த்தாள். "உனக்கும் மனசு ஆறியிருக்கும்ல? ஆத்துல இறங்கி நல்லாத் தேய்ச்சுக் குளியேன். உள்ள ஏதாவது ஒரு நிறம் மிச்சம் இருந்தாலும் இருக்கும்."

ஏழுவண்ணமும் ஆற்றுக்குப் போனான். தண்ணீரில் தலையை ஒரு முக்கு முக்கினான். இறக்கையை இரண்டு தடவை அடித்தான். தண்ணீரில் தெரிந்த தன் கறுப்பு முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். சிலம்பாயி இருந்தால், 'நூறு மடங்கு அழகு' என்று அவன் சொல்ல, 'ரெண்டு மடங்கு' என்று குறைத்திருப்பாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போதும் என்று கரையேறி உதறிக்கொண்டு பறந்துவிட்டான். அவசரமாகத் தலையை நனைத்துக்கொண்டு வருகிறவர்களைக் காக்காக் குளியல் குளித்துவிட்டு வந்ததாக நாம் சொல்வது அதைப் பார்த்துத்தான்.

வருஷம் திரும்பியது. இசக்கி போன நாளில் சேர்மக்கனி வீட்டில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தார்கள். இலை போட்டதும், இசக்கியின் பொண்டாட்டி, "முதல்ல யாருக்கு வைக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒரு கேள்விகூடக் கேக்காம என்கூட வண்டியில வந்தான் பாரு, அவனுக்கு வை" என்றார் சேர்மக்கனி.

அவள் ஒரு பிடிச் சோற்றைக் கூரைமேல் வைத்தாள். எங்கிருந்தோ ஏழுவண்ணம் வந்து இறங்கினான். சோற்றைத் தொடாமல், முதலில் நாலு பக்கமும் திரும்பி உறவையெல்லாம் கூப்பிட்டான். கூரை கறுத்துப்போகுமளவுக்குக் கூட்டம் வந்தது. எல்லாரும் தின்றார்கள். கீழே பிள்ளை கைதட்டிச் சிரித்தது.

அன்று தொடங்கித்தான், இறந்தவர்கள் நாளில் காகத்துக்கு முதல் பிடிச் சோறு போகிறது. துக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு துண்டுக் கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொள்வதும் சட்டையில் குத்திக்கொள்வதும், அதைப் பார்த்தவர்கள் எதுவும் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டுவதும் அன்றிலிருந்துதான்.